உச்சமா, அகலமா? உலோக 3டி அச்சின் செட்டிங்குகள் பற்றி ஒரு திறனாய்வு

2024 மே 9 அன்று நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் ஓர் எஞ்சின் 665 விநாடிகள் தொடர்ந்து எரிந்தது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தை இயக்கும் பி.எஸ்.4 எஞ்சின் அது. முன்பு 14 பாகங்களாகச் செய்து 19 இடங்களில் வெல்டிங் வைத்துச் சேர்த்ததை, இந்த முறை உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி ஒரே துண்டாக எடுத்திருந்தார்கள். 565 கிலோ மூலப்பொருள் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானது என்றும், உற்பத்தி நேரம் 60 விழுக்காடு குறைந்தது என்றும் இஸ்ரோ அறிவித்தது. அச்சிட்டுக் கொடுத்தது பெங்களூருவின் விப்ரோ 3டி. மூன்று வாரம் கழித்து, மே 30 அன்று, சென்னை அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் அக்னிலெட் எஞ்சினும் ஒரே துண்டாக அச்சில் பிறந்ததுதான்.

பெங்களூருவுக்கும் சென்னைக்கும் நடுவே, அவற்றை இணைக்கும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிடக்கிறது ஓசூர்–கிருஷ்ணகிரித் தொழில்பட்டை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் ஓசூரில். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலை. அதே போச்சம்பள்ளி வட்டத்தில் நாகரசம்பட்டி. இந்தப் பெரிய ஆலைகளுக்கு டை, இன்செர்ட், ஜிக், ஃபிக்ஸர் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு உலோக 3டி அச்சு இனி எட்டாத தொழில்நுட்பம் அல்ல. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. 2022 பிப்ரவரியில் வெளியான ஒன்றிய அரசின் தேசியக் கொள்கை, உலக 3டி அச்சுச் சந்தையில் 5 விழுக்காட்டை மூன்றாண்டுகளில் பிடிப்பதை இலக்காக வைத்தது.

இயந்திரம் வாங்கலாம், தூள் வாங்கலாம். அதன் பிறகு எழும் கேள்வி ஒன்றுதான்: எந்த செட்டிங்கில் ஓட்டுவது? இந்தக் கேள்விக்கு நான்கு வழிகளில் பதில் தேடுகிறார்கள். ஒவ்வொன்றையும் மூன்று அளவுகோல்களால் எடைபோட வேண்டும். உருகும் உலோகத்தின் இயற்பியலுக்கு அது உண்மையாக இருக்கிறதா? ஒரு நாள், ஒரு தட்டில் கிடைத்த விடை வேறொரு நாளும் வேறொரு பாகத்திலும் நிற்குமா? பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா?

நான்கு திருகுகள், இரண்டு பள்ளங்கள்

அறைக்குள் ஆர்கான் வாயு. கீழே ஒரு தட்டு. அதன்மேல் பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரான் பருமன் கொண்ட துகள்களை ரீகோட்டர் மெல்லிய அடுக்காகப் பரப்புகிறது. லேசர் கோடு கோடாக ஓடி, தேவையான இடத்தை மட்டும் உருக்குகிறது. தட்டு சில பத்து மைக்ரான் இறங்குகிறது, அடுத்த அடுக்கு விழுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான அடுக்குகள்.

இயந்திரத்தில் மாற்றக்கூடியவை நூற்றுக்கும் மேல் என்றாலும், பேச்சில் முதலில் வருபவை நான்கு: லேசர் திறன், ஓட்ட வேகம், கோடுகளுக்கு இடையிலான இடைவெளி, அடுக்குத் தடிமன். இவற்றைத் தவறாக வைத்தால் இரண்டு விதமாகக் கெடும். வெப்பம் போதாவிட்டால் உருகுகுளம் கீழ் அடுக்கைத் தொடாது, பக்கத்துக் கோட்டையும் தழுவாது. நடுவில் கூர்முனைகள் கொண்ட தட்டையான இடைவெளிகள் தங்கிவிடும். வெப்பம் மிஞ்சினால் உலோகம் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தத்தில் குளத்தின் நடுவே ஆழமான குழி விழும். குழி நிலைகுலைந்து மூடும்போது அடியில் உருண்டைக் குமிழி சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே இருக்கும் மேட்டு நிலத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

ஒற்றை எண்ணின் கவர்ச்சி

முதல் வழி ஆற்றல் அடர்த்தி. லேசர் திறனை வேகம், கோட்டு இடைவெளி, அடுக்குத் தடிமன் மூன்றின் பெருக்கத்தொகையால் வகுத்தால் ஒரு கன மில்லிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்று ஓர் எண் வரும். டைட்டானியம் கிரேடு 5 உலோகத்துக்கு 280 வாட், விநாடிக்கு 1,200 மி.மீ., 140 மைக்ரான் இடைவெளி, 30 மைக்ரான் அடுக்கு என்ற கூட்டு ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது. கணக்கிட்டால் 55.6 ஜூல். இதைப் பிடித்துக்கொண்டு, ‘இந்த உலோகத்துக்கு 55 ஜூல் வேண்டும்’ என்று விதி எழுதிவிடுகிறார்கள்.

விதியைச் சோதித்துப் பார்ப்போம். திறனையும் பாதியாக்கி வேகத்தையும் பாதியாக்குவோம்: 140 வாட், விநாடிக்கு 600 மி.மீ. எண் அதே 55.6. உருகுகுளமும் அதேதானா? இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் வெய்ன் கிங் குழுவினர் 316எல் எஃகில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, குளம் ஆழமான குழியாக மாறும் எல்லையைத் தீர்மானிப்பது திறனை வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு என்று காட்டியது. அதன்படி முதல் கூட்டின் மதிப்பு 8.08, இரண்டாவதன் மதிப்பு 5.72. ஆழத்தைத் தீர்மானிக்கும் அளவில் ஏறத்தாழ 29 விழுக்காடு வீழ்ச்சி. எதிர்ப்பக்கம் போய் 370 வாட், விநாடிக்கு 1,586 மி.மீ. என்று வைத்தாலும் அதே 55.6தான் வரும். ஆனால் இப்போது அளவு 15 விழுக்காடு கூடிவிட்டது. ஒரே எண்ணின் கீழ் ஒரு பாகம் உருகாமல் கெடலாம், இன்னொன்று மிகைவெப்பத்தில் கெடலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. லேசர் கதிரின் விட்டம் அந்தச் சூத்திரத்தில் இல்லவே இல்லை. 80 மைக்ரானில் குவித்த கதிரும் 120 மைக்ரானில் பரந்த கதிரும் அதற்கு ஒன்றே. கிங் காட்டிய அளவிலோ கதிரின் விட்டம் ஒன்றரைப் படியில் நுழைகிறது. ஒரு பட்டறையில் எடுத்த ‘ஜூல் கணக்கு’ இன்னொரு இயந்திரத்தில் பொய்த்துப்போவதற்கு இது போதும். ஆற்றல் அடர்த்தியை வடிவமைப்பு அளவாகக் கொள்வதன் எல்லைகளைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இலேயே 316எல் எஃகில் விரிவாகக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த எண்ணைக் கிடைமட்ட அச்சில் வைத்து வரைபடம் போடும் கட்டுரைகள் நிற்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், ஒரே இயந்திரத்தில், ஒரே தூளில், சிறிய வீச்சுக்குள் இரண்டு செட்டிங்குகளை ஒப்பிட இந்த எண் உதவும். பதிவேட்டில் எழுதிவைக்கலாம். செட்டிங்கைத் தேர்ந்தெடுக்கும் கருவியாக அது தகுதியற்றது. முதல் அளவுகோலிலேயே தோற்கிறது.

ஒன்பது கனசதுரங்கள்

இரண்டாவது வழி தாகுச்சி முறை. நம் பொறியியல் கல்லூரிகளின் முதுகலைத் திட்டங்களில் மிகுதியாகக் காண்பது இதுதான். நான்கு காரணிகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள். எல்லாக் கூட்டுகளையும் அச்சிட்டால் 81 சோதனை. எல்9 அட்டவணையை எடுத்தால் ஒன்பதே போதும். ஒன்பது கனசதுரங்களை அச்சிட்டு, அடர்த்தி, கடினத்தன்மை, சொரசொரப்பு மூன்றையும் அளந்து, எந்தக் காரணி எத்தனை விழுக்காடு ‘பங்களித்தது’ என்று அட்டவணை போட்டு, ‘உகந்த செட்டிங்’ அறிவிக்கிறார்கள்.

கெனிச்சி தாகுச்சியின் சிந்தனையில் ஆழமான நன்மை ஒன்று உண்டு. சராசரி நன்றாக இருப்பதைவிட, சூழல் மாறினாலும் விளைவு ஆடாமல் நிற்பதே தரம் என்று அவர் வலியுறுத்தினார். இந்தக் கட்டுரையின் தீர்ப்பும் அந்தப் பக்கம்தான் சாயப்போகிறது. குறை, அவருடைய அட்டவணையை இந்த இடத்தில் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

ஒன்பது சோதனைகள் தருவது எட்டு சுதந்திர அளவுகள் (degrees of freedom). நான்கு காரணிகள், தலைக்கு இரண்டாக, எட்டையும் விழுங்கிவிடுகின்றன. பிழையை மதிப்பிட எதுவும் மிஞ்சவில்லை. பிழை எவ்வளவு என்று தெரியாமல் ‘இந்தக் காரணி முக்கியம், அது முக்கியமில்லை’ என்று சொல்வதற்குப் புள்ளியியலில் இடமில்லை. அதைவிட மோசம், லேசர் திறனும் வேகமும் ஒன்றையொன்று பாதிக்கும் உறவு. இந்தத் தொழில்நுட்பத்தின் உயிரே அந்த உறவுதான். அதை அளக்க மேலும் நான்கு சுதந்திர அளவுகள் வேண்டும். எல்9 அட்டவணையில் முதல் இரு நெடுவரிசைகளில் திறனையும் வேகத்தையும் வைத்தால், அவற்றின் உறவு மூன்றாம், நான்காம் நெடுவரிசைகளில் போய் விழுகிறது. அங்கே ஏற்கெனவே கோட்டு இடைவெளியும் அடுக்குத் தடிமனும் உட்கார்ந்திருக்கின்றன. ‘கோட்டு இடைவெளியின் பங்கு 30 விழுக்காடு’ என்று அட்டவணை சொல்லும்போது, அது உண்மையில் இடைவெளியின் பங்கா, திறன்–வேக உறவின் நிழலா என்று பிரித்தறிய வழியே இல்லை.

நடைமுறைச் சிக்கலும் சேர்கிறது. அடுக்குத் தடிமனை ஒரே தட்டில் பாகத்துக்குப் பாகம் மாற்றுவது எளிதல்ல. பெரும்பாலும் தடிமனுக்கு ஒரு தட்டு என மூன்று தனி ஓட்டங்கள் தேவை. அப்போது தடிமனின் விளைவோடு அன்றைய ஆர்கான் ஓட்டம், தூளின் ஈரம், லேசர் கண்ணாடியின் அழுக்கு எல்லாம் கலந்துவிடும். தட்டில் எந்த இடத்தில் கனசதுரம் நின்றது என்பதும் முடிவை மாற்றும். வாயு ஓட்டத்தின் இறங்குமுகத்தில் நிற்கும் பாகத்தின்மேல் தெறிப்புத் துகள்கள் அதிகம் விழும்.

அடுத்து, எதை அளக்கிறார்கள் என்ற கேள்வி. ஆர்க்கிமிடீஸ் முறையில் 99.9 விழுக்காடு அடர்த்தி வந்தால் வெற்றி என்கிறார்கள். 10 மி.மீ. கனசதுரத்தில் 0.1 விழுக்காடு என்பது 1 கன மி.மீ. வெற்றிடம். அது 50 மைக்ரான் விட்டமுள்ள உருண்டைக் குமிழிகளாக இருந்தால் சுமார் 15,000 குமிழிகள். அவை உள்ளே ஆழத்தில் பரவிக் கிடந்தால் பல வேலைகளுக்கு ஆபத்தில்லை. அதே 1 கன மி.மீ. ஓர் அடுக்கு முழுக்க உருகாமல் விட்ட தட்டையான பிளவாக, மேற்பரப்பை ஒட்டி இருந்தால் பாகம் விரைவில் உடையும். மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் பாகத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது மிகப் பெரிய குறையும் அது இருக்கும் இடமும்தான். அடர்த்தி விழுக்காடு இந்த இரண்டில் ஒன்றையும் சொல்வதில்லை. இரண்டு பாகங்களும் அதற்கு 99.9தான்.

தாகுச்சி வழி மலிவானது, ஒழுங்கைக் கற்றுத்தருவது. ஆனால் இரண்டாம் அளவுகோலில், அதாவது விடை வேறு நாளில் நிற்குமா என்பதில், பெரும்பாலான பயன்பாடுகள் தேறவில்லை. ஐந்தாறு புள்ளிகளைத் திரும்பத் திரும்ப அச்சிட்டுப் பிழையை அளந்து, திறன்–வேக உறவைத் தனியே மதிப்பிடும் அளவுக்குச் சோதனையை விரித்தால் இதே வழி மரியாதைக்குரியதாகும்.

உருகுகுளத்தின் வரைபடம்

மூன்றாவது வழி, கனசதுரத்தை விட்டுவிட்டுக் குளத்தைப் பார்ப்பது. ஒரு தட்டில் ஒற்றைக் கோடுகள் இருபது, முப்பது ஓட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் திறனும் வேகமும் வேறு. பிறகு தட்டைக் குறுக்காக வெட்டி, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் குளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளக்கிறார்கள். எங்கே குளம் ஆழமான குழியாகிறது, எங்கே கோடு அறுந்து மணிமணியாகிறது, எங்கே ஆழம் போதவில்லை என்று திறன்–வேகத் தளத்தில் எல்லைகளை வரைகிறார்கள்.

இதோடு சேர வேண்டியது ஓர் எளிய வடிவியல் விதி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டாங், பிஸ்டோரியஸ், பியூத் மூவரும் 2017இல் வெளியிட்டது. கோட்டு இடைவெளியைக் குளத்தின் அகலத்தால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். அடுக்குத் தடிமனைக் குளத்தின் ஆழத்தால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டாத வரை உருகாத இடைவெளி மிஞ்சாது. குளத்தின் அகலம் 140 மைக்ரான், ஆழம் 100, கோட்டு இடைவெளி 110, அடுக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 0.78. பாதுகாப்பான இடம். கண்ணாடியில் புகை படிந்து, குளத்தின் அகலம் 115 ஆகச் சுருங்கினால், ஆழம் மாறாமல் இருந்தாலும், தொகை 1.07. உருகாத இடைவெளிகள் தொடங்கிவிட்டன. ஒரு பட்டறையின் மேசையில், தாளில் போடக்கூடிய கணக்கு இது. எவ்வளவு சரிவைச் செட்டிங் தாங்கும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடுகிறது. முன் சொன்ன இரு வழிகளும் சொல்லாத செய்தி இது.

எதிர்ப்பக்கத்து எல்லையைக் கண்ணால் பார்த்ததும் அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வகத்தின் சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களை உருகும் உலோகத்துக்குள் செலுத்தி எடுத்த படங்கள் 2019இலும் 2020இலும் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தன. ஆவிக்குழி ஏதோ மிகைச் செட்டிங்கில் மட்டும் வருவதல்ல, வழக்கமான செட்டிங்குகளிலேயே இருப்பது என்று முதல் ஆய்வு காட்டியது. குழியின் நுனி நிலைகுலைந்து குமிழியை உதிர்க்கும் எல்லை மங்கலாக இல்லாமல் கூர்மையாக இருக்கிறது என்று இரண்டாவது ஆய்வு காட்டியது. கூர்மையான எல்லைக்குப் பக்கத்தில் நின்று அதிகபட்ச அடர்த்தியைத் துரத்துவது வரப்பு விளிம்பில் வண்டி ஓட்டுவதற்குச் சமம். போகும்போது நன்றாகத்தான் போகும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. குளிர்ந்த தட்டில் ஓட்டிய ஒற்றைக் கோடு, நூறாவது அடுக்கில் சூடேறிப்போன மெல்லிய சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. தூள் அடுக்கும் பெயரளவுத் தடிமனில் இருப்பதில்லை. தூள் உருகும்போது சுருங்குவதால், 40 மைக்ரான் அடுக்குக்குச் சில அடுக்குகள் கடந்த பின் பரவும் தூளின் உண்மையான உயரம் 70 மைக்ரானை ஒட்டி நிற்கும். ஆயினும் மூன்று அளவுகோல்களையும் ஒருசேர ஓரளவு நிறைவு செய்வது இந்த வழி மட்டுமே. வெட்டும் இயந்திரமும் நுண்ணோக்கியும் உள்ள எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம்.

கற்கும் மென்பொருள்

நான்காவது வழி இயந்திரக் கற்றல். சில சோதனைகளின் விளைவைக் கொடுத்தால், அடுத்து எந்தப் புள்ளியைச் சோதிப்பது அதிகப் பயன் தரும் என்று கணினி சொல்கிறது. பெங்களூருவின் இன்டெக் அடிட்டிவ் சொல்யூஷன்ஸ், உலோக அச்சு இயந்திரங்களோடு ‘ஏஎம் ஆப்டோமெட்’ என்ற செட்டிங் தேடும் மென்பொருளையும் உருவாக்கியிருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, ஓசூருக்கு அருகிலேயே இப்படி ஒரு முயற்சி நடப்பது பெருமைக்குரியது.

இந்த வழியின் வலிமை உண்மையானது. சோதனைகளைக் குறைக்கும். பல காரணிகளின் பின்னலைக் கையாளும். தன் கணிப்பில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லும் மாதிரிகளும் உண்டு. எனினும் கணினி கற்பது நாம் கொடுத்த அளவீட்டை மட்டுமே. கனசதுரத்தின் அடர்த்தியைக் கொடுத்தால் கனசதுரத்தின் அடர்த்தியைத்தான் உச்சத்துக்குக் கொண்டுபோகும். தவறான குறிக்கோளை வேகமாக அடைவது நன்மையல்ல. ஓர் இயந்திரத்தின் தரவில் பயின்ற மாதிரி வேறு கதிர் விட்டம், வேறு வாயு ஓட்டம் கொண்ட இயந்திரத்தில் எவ்வளவு நம்பத்தக்கது என்று வாங்குபவர் கேட்டே ஆக வேண்டும். மென்பொருள் உருகுகுளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் கணித்து, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொன்னால் அது மூன்றாம் வழியின் வேகமான வடிவம். வெறும் அடர்த்தி எண்ணை மட்டும் சொன்னால் இரண்டாம் வழியின் விலையுயர்ந்த வடிவம்.

செட்டிங் தீர்க்காதவை

சில குறைகளை எந்தத் திருகைத் திருப்பியும் போக்க முடியாது. 7075, 6061 வகை அலுமினியம் உறையும்போதே விரிசல் விடும். அதைத் தீர்த்தது புதுச் செட்டிங் அல்ல. அமெரிக்காவின் எச்.ஆர்.எல். ஆய்வகம் தூளோடு சிர்கோனியம் நுண்துகள்களைச் சேர்த்து உறையும் விதத்தையே மாற்றியது. 2017இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வந்தது. டைட்டானியத் தூளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஆக்சிஜன் ஏறும். கிரேடு 5க்கு எல்லை 0.20 விழுக்காடு, மருத்துவப் பாகங்களுக்கான கிரேடு 23க்கு 0.13. அந்த எல்லை தாண்டிய தூளுக்கு உகந்த செட்டிங் என்று ஒன்று கிடையாது.

நம் பகுதிக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு டை இன்செர்ட். இருசக்கர வாகன உதிரிபாகங்களுக்கான அலுமினிய வார்ப்பு டைகளிலும் பிளாஸ்டிக் அச்சுகளிலும், வடிவத்தை ஒட்டி வளைந்து செல்லும் குளிர்நீர்ப் பாதையை மாரேஜிங் எஃகில் அச்சிட முடியும். அச்சிட்ட பின் சுமார் 490 டிகிரியில் ஆறு மணி நேரம் வைத்து எடுத்தால் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 50ஐத் தாண்டும். துளைக்கருவியால் எட்ட முடியாத இடத்திலும் நீர் ஓடும், வார்ப்பு விரைவாகக் குளிரும். இங்கேதான் சிறு பட்டறைக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் காசு இருக்கிறது.

அந்த இன்செர்ட் எங்கே உடையும்? பெரும்பாலும் நீர்ப்பாதையின் உட்சுவரில். பாதையின் கூரை அச்சில் வரும்போது அதன் கீழே திட உலோகம் இல்லை, தூள்தான் இருக்கிறது. தூள் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் குளம் கீழே ஆழமாக இறங்கி, அரைகுறையாக உருகிய துகள்கள் ஒட்டிக்கொண்டு, கூரை தொங்கிச் சொரசொரப்பாகும். நீரும் வெப்பச் சுழற்சியும் சேர்ந்து அந்தப் பள்ளங்களில் விரிசலைத் தொடங்கும். கூரைக்குத் தனிச் செட்டிங் வேண்டும். பாதையின் வடிவத்தை வட்டத்திலிருந்து நீர்த்துளி வடிவத்துக்கு மாற்ற வேண்டியும் வரலாம். பக்கமெல்லாம் நேராக நிற்கும் கனசதுரத்தில் கூரையே இல்லை. ஒன்பது கனசதுரங்களில் கண்டுபிடித்த ‘உகந்த செட்டிங்’, பாகம் உடையப்போகும் இடத்தைப் பார்த்ததே இல்லை.

ஓர் எதிர்வாதம்

இத்தனை பாடு எதற்கு, இயந்திரம் செய்தவர் கொடுத்த செட்டிங்கையே ஓட்டினால் போதாதா என்று அனுபவமுள்ள பட்டறைக்காரர் கேட்பார். வலுவான கேள்வி. தயாரிப்பாளர் பெரும் செலவில் சோதித்த செட்டிங் அது. பெரும்பாலான வேலைகளுக்கு அதிலிருந்து தொடங்குவதே அறிவு. புதிதாக ஒன்றைக் ‘கண்டுபிடிக்க’ ஆறு மாதம் செலவிடுவது சிறு பட்டறைக்குத் தற்கொலை.

ஆனால் அந்தச் செட்டிங் தயாரிப்பாளரின் தூளுக்கும் அவருடைய சோதனைப் பாகத்துக்கும் உரியது. விலை குறைந்த உள்நாட்டுத் தூளுக்கு மாறினாலும், ஒரு தட்டில் ஒரே ஒரு மெல்லிய பாகத்தை அச்சிட்டாலும் நிலை மாறும். பாகம் குறைவென்றால் அடுக்குகளுக்கு இடையிலான நேரம் குறையும், பாகம் சூடேறும், அதே செட்டிங் ஆவிக்குழிப் பக்கம் நகரும். 2021இல் வெளியான நாசாவின் 6030 தர விதி, தூள் அச்சு முறையின் தகுதிச்சான்றை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. ஒரே மாதிரி என்று விற்கப்பட்ட இரண்டு இயந்திரங்களையும் அது ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. எனவே தயாரிப்பாளரின் செட்டிங் தொடக்கப்புள்ளி. அதோடு ஆய்வு முடிந்துவிடாது.

வேகத்தையும் மறக்கக் கூடாது. வேகம், இடைவெளி, தடிமன் மூன்றையும் பெருக்கினால் உருகும் அளவு கிடைக்கும். மேலே சொன்ன டைட்டானியக் கூட்டில் அது மணிக்கு சுமார் 18 கன செ.மீ. தான், தூள் பரப்பும் நேரம் இதில் சேரவில்லை. அடுக்கை இரட்டிப்பாக்கினால் இயந்திரம் ஓடும் நேரம் ஏறத்தாழ பாதியாகும், குளமும் அதற்கேற்ப ஆழமாக வேண்டும். ஜிக்குக்கு அந்தப் பேரம் சரி. ராக்கெட் எஞ்சினுக்குச் சரியல்ல. எந்தப் பாகத்துக்கு என்று சொல்லாமல் ‘உகந்தது’ என்ற அறிவிப்புக்குப் பொருளே இல்லை.

தீர்ப்பு

நான்கு வழிகளையும் எடைபோட்டபின் என் முடிவு இது. உகந்த செட்டிங் என்பது அதிகபட்ச அடர்த்தி தரும் ஒற்றைப் புள்ளி அல்ல. இரு பக்கத்துப் பள்ளங்களிலிருந்தும் போதிய தூரத்தில், தூளும் வாயுவும் கண்ணாடியும் வெப்பமும் சற்று மாறினாலும் பாகத்தைக் கெடுக்காத நடுநிலம் அது. உச்சத்தைவிட அகலத்துக்கே மதிப்பெண். 99.95 விழுக்காட்டைத் தொட்டுவிட்டு அடுத்த வாரம் 99.2க்கு விழும் செட்டிங்கைவிட, ஆண்டு முழுவதும் 99.7இல் நின்று, பெரிய குறை எதையும் விடாத செட்டிங்கே உயர்ந்தது.

அதை அடையும் வரிசையும் தெளிவு. தயாரிப்பாளரின் செட்டிங்கில் தொடங்குங்கள். அதைச் சுற்றி ஒற்றைக் கோடுகளால் வரைபடம் போட்டு எல்லைகளைக் காணுங்கள். நடுவில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, அகல–ஆழக் கணக்கில் எவ்வளவு சரிவைத் தாங்கும் என்று பாருங்கள். அதன்பின் கனசதுரத்தை அல்ல, உண்மைப் பாகத்தின் கூரையையும் மெல்லிய சுவரையும் கொண்ட மாதிரியை அச்சிட்டு, வெட்டி, மிகப் பெரிய குறையைத் தேடுங்கள். பிறகு செட்டிங்கைப் பூட்டிவிட்டுத் தூளையும் வாயுவையும் கண்காணியுங்கள். பி.எஸ்.4 எஞ்சினுக்கு உலகறிந்த சான்று எது? முதலில் மொத்தம் 74 விநாடிச் சோதனைகள், பிறகு 665 விநாடித் தொடர் எரிப்பு. பாகம் தன் வேலையைச் செய்து காட்டியதுதான் சான்று. நம் டை இன்செர்ட்டுக்கும் அதே நீதி பொருந்தும்: எத்தனை ஆயிரம் வார்ப்பு தாங்கியது என்பதே கடைசி விடை.

தேசியக் கொள்கை 50 தொழில்நுட்பங்களையும் 100 புதிய நிறுவனங்களையும் 500 பொருள்களையும் இலக்காக எண்ணியது. சிறு பட்டறைக்கு இவற்றைவிட அவசரமாகத் தேவைப்படுவது பகிர்ந்துகொள்ளும் தரவு. 1994 முதல் இயங்கும் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும், ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியாவும் சேர்ந்து ஒரு பொது மாதிரிப் பாகத்தை வரையறுக்க வேண்டும். அதைப் பட்டறைகள் தத்தம் இயந்திரங்களில் அச்சிட, கல்லூரி வெட்டி அளந்து, நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. வெட்டும் சக்கரம், மெருகுத்தாள், நுண்ணோக்கி, பொறுமை போதும்.

நாகரசம்பட்டியிலும் போச்சம்பள்ளியிலும் இருந்து டிப்ளமோ முடித்து இந்த இயந்திரங்களின் முன் நிற்கப்போகும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். யாராவது உங்களிடம் ‘இதுதான் பெஸ்ட் செட்டிங்’ என்று ஒரு தாளை நீட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பாகத்துக்கு? எத்தனை முறை திரும்பச் செய்து பார்த்தீர்கள்? கெட்டுப்போகும் எல்லை எங்கே இருக்கிறது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தத் தாளை நம்புங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் வேலை அச்சிடுவது அல்ல, அந்த எல்லையைக் கண்டுபிடிப்பது.